சான்ட்ரோ போய் என் லைன் வந்த வீட்டில் எது குறைகிறது?

ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங்கை எக்ஸ்சேஞ்சில் விட்டுவிட்டு அதே கம்பெனியின் ஐ20 என் லைன் எடுத்தவர்கள் நாலைந்து மாதம் கழித்து ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "வண்டி சூப்பர்தான், ஆனா பழசு மாதிரி வரல." என்ன வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. பழைய வண்டி மேல் பாசம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் குறைக்குப் பாதிக்குமேல் காரணம் கேபிள், கண்ணாடி, சீட் உயரம், டேம்பர் (ஷாக் அப்சார்பர்) என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய சாமான்களில்தான் இருக்கிறது. அதில் சிலதைப் புது வண்டியில் திரும்பக் கொண்டுவரலாம். சிலது வரவே வராது. எது எந்த வகை என்று தெரிந்துவிட்டால், தேவையில்லாத ஆக்சஸரீஸில் காசு கொட்டாமல் தப்பிக்கலாம்.

இரண்டும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தவைதான். சான்ட்ரோ 1998-ல் வந்தது, ஜிங் 2003-ல், 2014 கடைசியோடு ஜிங் நின்றது. ஐ20 என் லைன் 2021 செப்டம்பரில் வந்தது. ஒரே ஊர் என்பதோடு ஒற்றுமை முடிந்தது. ஜிங்கில் 1086 சிசி, சிலிண்டருக்கு மூன்று வால்வு வைத்த எப்சிலான் இன்ஜின், சுமார் 63 பிஎஸ். என் லைனில் 998 சிசி டர்போ, 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் டார்க். சிசி குறைந்து பவர் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதைப் பார்த்துத்தான் மாற்றுகிறோம். ஆனால் தினசரி ஓட்டத்தில் மனசுக்குப் படுவது பவர் இல்லை. காலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான்.

ஜிங்கில் ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து, இன்ஜினுக்குள் காற்றை விடுகிற த்ராட்டில் பாடி வரைக்கும் ஒரு கேபிள். நீங்கள் அரை அங்குலம் மிதித்தால் உள்ளே தகடு அந்த அளவு திறக்கும், அவ்வளவுதான். கிளட்சும் கேபிள்தான். பிளேட் எங்கே பிடிக்கிறது என்பது பாதத்துக்கு அப்படியே தெரியும். கேபிள் பழசானால் மிதி கனக்கும், அதுவும் ஒரு தகவல். என் லைனில் மிதிக்குக் கீழே சென்சார். நீங்கள் மிதிப்பது ஒரு கோரிக்கை, ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, எமிஷன், இன்ஜின் சூடு, கியர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்யும். அதற்குமேல் டர்போ சுற்ற ஆரம்பிக்க வேண்டும். டார்க் முழுசாகக் கிடைப்பது 1500-லிருந்து 4000 ஆர்பிஎம் வரை. 1500-க்குக் கீழே அது ஒரு சாதாரண ஒரு லிட்டர் இன்ஜின், அதுவும் ஜிங்கைவிடக் கனமான உடம்பை இழுக்கிற இன்ஜின்.

பழைய கை இங்கேதான் மாட்டிக்கொள்கிறது. ஜிங்கில் செகண்டில் போட்டு 12, 15 கிலோமீட்டர் வேகத்தில் தி. நகர் முழுக்க ஊர்ந்துவிடலாம், ஏசி ஓடினாலும் முனகிக்கொண்டே வரும். அதே பழக்கத்தில் மேனுவல் என் லைனைச் செகண்டில் 1100 ஆர்பிஎம்மில் விட்டால் உதறும், மிதித்தால் ஒரு கணம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று பாயும். வண்டியில் கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு. கோளாறு இல்லை. ஊர்கிற இடத்தில் தயங்காமல் ஃபர்ஸ்ட் போடுங்கள். செகண்டுக்கு மாற்றும்போது ஊசி 1500-க்குக் கீழே விழாதபடி, 2200 வாக்கில் மாற்றுங்கள். இன்னொன்று: காலை எடுத்ததும் ஜிங்கின் ஆர்பிஎம் சட்டென்று இறங்கும், டர்போ இன்ஜினில் ஒரு நொடி தொங்கி நின்று இறங்கும். கிளட்சை மிதிப்பதற்கு இம்மியளவு முன்னாலேயே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் கியர் மாறும்போது வருகிற அந்த முட்டல் போய்விடும். இரண்டு வாரத்தில் கால் பழகிவிடும். பெடல் பாக்ஸ் என்று விற்கிற டப்பாவை மாட்டினால் இது சரியாகும் என்பார்கள். அது கோரிக்கையைப் பெரிதாக்கிக் காட்டுகிறதே தவிர, டர்போவைச் சீக்கிரம் சுற்ற வைக்காது. டிராஃபிக்கில் உதறல் அதிகமாகத்தான் ஆகும்.

டிசிடி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் எடுத்தவர்களுக்குச் சிக்கல் வேறு. இந்த ஏழு ஸ்பீட் பெட்டிக்குள் இருப்பது டிரை கிளட்ச், அதுவும் இரண்டு. எண்ணெயில் மூழ்கி இருக்காது, சூட்டைக் காற்றுதான் எடுத்துப்போக வேண்டும். பிரேக்கைப் பாதி விட்டு அங்குலம் அங்குலமாக நகரும்போது கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. சித்திரை வெயிலில் கத்திப்பாராவில் இருபது நிமிஷம் அப்படிப் போனால் சூடு ஏறும், முதலில் அதிர்வு தெரியும், பிறகு கிளஸ்டரில் டிரான்ஸ்மிஷன் சூடு என்று எச்சரிக்கை வரும். அதைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டே இருந்தால் கிளட்சுக்குச் செலவு வைக்கும். முன்னால் வண்டி நகர்ந்ததும் நாமும் நகராமல், ஒரு வண்டி நீளம் இடம் விழுகிறவரை பிரேக்கை நன்றாக மிதித்து நிற்க வேண்டும். நன்றாக மிதித்தால்தான் கிளட்ச் முழுசாக விடும். பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து மறுபடி நிற்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். மால் பார்க்கிங்கின் சரிவிலோ கொடைக்கானல் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னாலோ நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை நிறுத்திப் பிடிப்பது ஜிங்கில் எல்லோரும் செய்ததுதான். ஹாஃப் கிளட்சில் பிளேட் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை. டிசிடியில் அந்த வேலையே கூடாது. பிரேக்கில் பிடியுங்கள், ஹில் அசிஸ்ட் இருக்கிறது. எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரம் கட்டி, ‘பி’ போட்டு, இன்ஜினை அணைக்காமல், செய்தி மறைகிறவரை காத்திருக்க வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் ஊர்கிற ஆளாக இருந்தால், டெஸ்ட் டிரைவை ஞாயிற்றுக்கிழமை காலை எடுக்காதீர்கள். திங்கட்கிழமை மாலை ஆறரைக்குக் கேளுங்கள். பல ஷோரூம்களில் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்து வருகிற புகார்: "தூக்கிப் போடுது." உடனே லோ புரொஃபைல் டயர் மேல் பழி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜிங்கின் டயர் 155/70 ஆர்13. பக்கவாட்டுச் சுவர் 155-ல் 70 சதவீதம், அதாவது 108.5 மி.மீ. என் லைனின் டயர் 195/55 ஆர்16. 195-ல் 55 சதவீதம், 107 மி.மீ. சுவர் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான்! பெரிய ரிம் என்பதால் கண்ணுக்கு ஒல்லியாகத் தெரிகிறது. ஆக, தூக்கிப் போடுவதற்கு முக்கியக் காரணம் இறுக்கமாக டியூன் செய்த டேம்பரும் ஸ்பிரிங்கும்தான். அதனோடு அகலமான டயரின் விறைப்பும், ரிம்மின் எடையும் சேர்கிறது. இது கோளாறு இல்லை. 100-ல் வளைவு எடுக்கும்போது சாயாமல் நிற்கிறதே, அதற்குக் கொடுக்கிற விலை.

மாற்ற முடிகிறது இரண்டு. முதலாவது காற்று. பெட்ரோல் பங்குகளில் கேட்காமலே 36, 38 வைத்து அனுப்புகிறார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் ஆள் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி அளவு போட்டிருக்கும். அது குளிர்ந்த டயருக்கான அளவு. காலையில் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் பார்த்து வைத்தால்தான் சரி. வெயிலில் 40 கிலோமீட்டர் ஓடிவிட்டுப் பார்த்தால் மூன்று நாலு பிஎஸ்ஐ கூடுதலாகத்தான் காட்டும், அதை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்துபோய் நிற்கும். இரண்டாவது, டயர் தேய்ந்து மாற்றுகிற சமயத்தில் 185/65 ஆர்15-க்கு இறங்குவது. சுவர் 120 மி.மீ., இப்போதிருப்பதைவிட 13 மி.மீ. அதிகம். மொத்த விட்டம் 621.5 மி.மீ., பழையது 620.9. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. வாங்குவதற்கு முன் பின்பக்க டிஸ்க் பிரேக் காலிப்பரில் ரிம் இடிக்கிறதா என்று ஒரு சக்கரம் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும், டயர் தாங்கும் எடையைச் சொல்கிற லோட் இண்டெக்ஸ் குறையக் கூடாது. ஆனால் ஸ்டியரிங்கின் கூர்மையில் கொஞ்சம் போகும். அதற்காகத்தானே இந்த வண்டியை எடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வெளி மார்க்கெட் சாஃப்ட் ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம். டேம்பர் ஒரு கணக்கு, ஸ்பிரிங் ஒரு கணக்கு என்று ஆகிவிட்டால் படகு மாதிரி ஆடும்.

ஸ்டியரிங் மட்டும் திரும்ப வராது. ஜிங்கில் ஹைட்ராலிக். பெல்ட், பம்ப், ஆயில், ரேக். மழைக்காலத்தில் பெல்ட் கீச்சிடும், ரேக் தட்டும், ஆனால் ரோட்டில் மணல் கிடந்தால் உள்ளங்கைக்குத் தெரியும். எலெக்ட்ரிக் ஸ்டியரிங்கில் மோட்டார் அந்தச் சேதியை வடிகட்டிவிட்டு, கனத்தை மட்டும் சேர்த்துக் கொடுக்கிறது. கனமாக இருப்பதும் பேசுவதும் வேறு வேறு. இதற்கு டியூனிங், அப்கிரேடு எதுவும் கிடையாது. ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பார்வை விஷயம் தனி. ஜிங்கின் உயரம் 1590 மி.மீ., அகலம் 1525. ஐ20-யின் உயரம் 1505, அகலம் 1775. எட்டரை சென்டிமீட்டர் குட்டை, கால் மீட்டர் அகலம். ஜிங்கில் நாற்காலியில் உட்கார்வது போல நிமிர்ந்து உட்கார்ந்து, ஒல்லியான தூண்களுக்கு நடுவே நாலு மூலையும் பார்த்து ஓட்டினோம். இப்போது கவிழ்ந்தால் தாங்குகிற வலிமையும் கர்ட்டன் ஏர்பேகும் வேண்டும் என்பதால் முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லர் தடித்துவிட்டது. வலது பக்கம் திரும்பும்போது ஒரு பைக்கையே முழுசாக மறைக்கும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துத் திரும்புகிற பழக்கம் வந்தே ஆக வேண்டும்.

சீட்டை இன்னும் மேலே ஏற்றுங்கள். ஸ்போர்ட்டி வண்டி என்று கீழே இறக்கி வைத்துக்கொண்டு மூலை தெரியவில்லை என்று புலம்புகிறவர்கள் நிறைய. தலைக்கும் கூரைக்கும் நடுவே நாலு விரல் இருந்தால் போதும். பிறகு கண்ணாடி: தலையை வலது ஜன்னலில் முட்டுகிற அளவு சாய்த்துக்கொண்டு, வலது கண்ணாடியில் உங்கள் வண்டியின் பக்கவாட்டு ஓரம் மயிரிழை தெரிகிறபடி வெளியே திருப்புங்கள். இடது கண்ணாடிக்கு, தலையை இரண்டு சீட்டுக்கும் நடுவே கொண்டுவந்து அதேபோல. நேராக உட்கார்ந்தால் உங்கள் வண்டி எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. முதலில் திகிலாக இருக்கும். ஆனால் நடுக் கண்ணாடியை விட்டு விலகும் பைக் உடனே பக்கக் கண்ணாடியில் வரும், அதையும் விட்டு விலகும்போது ஓரக்கண்ணில் தெரியும். தடித்த தூண் திருடிய பார்வையில் பாதி இப்படித் திரும்பி வந்துவிடும்.

வீட்டில் முட்டி வலிக்காரர்கள் இருந்தால் பழைய வண்டியை முதலில் தேடப் போகிறவர்கள் அவர்கள்தான். ஜிங்கில் இடுப்பை அப்படியே பக்கவாட்டில் நகர்த்தி உட்கார்ந்துவிடலாம். இதில் இறங்க வேண்டும், பக்கெட் சீட்டின் பக்க விளிம்பைத் தாண்ட வேண்டும், எழும்போது கையை ஊன்ற இடம் வேண்டும். முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, உயரத்தை ஏற்றி வைத்து, முதலில் முதுகைக் காட்டி உட்காரச் சொல்லி, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொன்னால் ஓரளவு சுலபம். உயரத்துக்காகத் தடித்த மெத்தையோ, பழைய வண்டியில் போட்டிருந்த மாதிரி முழு ரெக்சின் கவரோ போடாதீர்கள். பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். 2023-க்குப் பிறகு வந்த ஐ20-களில் ஆறு ஏர்பேக். கவர் அதை மூடிவிட்டால் இருந்தும் பயனில்லை. என்னைக் கேட்டால், அம்மா அப்பாவை வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற வீடு என்றால், இடம் இருக்கிற பட்சத்தில் ஜிங்கை விற்கவே வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் அதற்குத் தருகிற தொகை ஒரு நல்ல அலாய் வீல் செட் விலைக்கு மேல் பெரிதாகப் போகாது.

ஸ்பீட் பிரேக்கர் பற்றி இரண்டு வார்த்தை. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி மேடு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆர வளைவு. அந்த வளைவில் ஜிங்கின் 2380 மி.மீ. வீல்பேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) நடுவே மேடு எழுவது 4 செ.மீ. சொச்சம், ஐ20-யின் 2580-க்கு 5 செ.மீ. இரண்டுமே தட்டாது. தட்டுவது, தெரு முனையில் அரை மீட்டர் அகலத்தில் முழங்கால் மாதிரி நிறுத்தி வைத்திருக்கும் சிமெண்ட் மேடுகள். அங்கே வளைவுக் கணக்கு செல்லாது, மேட்டின் முழு உயரமும் வயிற்றுக்கு வரும். ஐந்து பேர் ஏறியிருந்தால் குறுக்காக ஏற்றுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரை இறக்கிவிடுங்கள், கௌரவம் பார்க்காமல். வீட்டு கேட்டையும் புக்கிங்குக்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். 1775 என்பது கண்ணாடி சேராத அளவு.

இன்னும் கைமாற்றாதவர்களுக்கு, காகித வேலை. இதில் சோம்பினால் பழைய வண்டியின் நினைவு சம்மன் ரூபத்தில் வரும். வண்டியைக் கொடுத்துப் பணம் வாங்கிவிட்டாலும், ஆர்சியில் பேர் மாறுகிறவரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். விபத்து நஷ்டஈட்டில் பதிவில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள். "சார், கஸ்டமர் கிடைச்சதும் ஃபில் பண்ணிக்கிறோம்" என்பதுதான் வழக்கமான வசனம். அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளைக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவர் பொறுப்பு. 2023 ஏப்ரலிலிருந்து, அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலர் என்றால் படிவம் 29சி வழியாக ஒப்படைத்ததைப் பதிவு செய்யலாம், அதன் பிறகு வண்டிக்குப் பொறுப்பு அவர். டீலருக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஒப்படைத்த தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எழுதிய ரசீதில் இரண்டு தரப்புக் கையெழுத்தும் வேண்டும். ஃபாஸ்டேக்கைக் கண்ணாடியிலிருந்து கிழித்தால் மட்டும் போதாது, கணக்கை மூடுங்கள்.

இன்ஷூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் உங்களுடையது, வண்டியுடையது அல்ல. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. விற்றதற்கான அத்தாட்சியைக் காட்டி என்சிபி கடிதம் வாங்கிக்கொண்டால் மூன்று வருஷம் செல்லும். புது வண்டிக்கு ஷோரூமில் போடுகிற பாலிசியில் இதைக் கழித்தார்களா என்று வரி வரியாகப் பாருங்கள். கேட்காதவர்களுக்குக் கழிக்காமல் விடுவதும் நடக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு மனசு கேட்காமல் ஒரு ஜிங்கையே திரும்ப வாங்கலாம் என்று தோன்றினால், முடியாத காரியம் இல்லை. பழைய நம்பரை எம்பரிவாஹன் செயலியில் போட்டால் ஆர்சி உயிரோடு இருக்கிறதா, எஃப்சி, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று காட்டும். 15 வருஷம் தாண்டியிருந்தால் ஆர்டிஓவில் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பசுமை வரி தனி.

வண்டியைப் பார்க்கும்போது குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் த்ராட்டில் பாடியிலும் ஐடில் வால்விலும் கரி, சுத்தம் செய்தால் தீரும், அதைக் காட்டி விலை குறைக்கலாம். குண்டும் குழியுமான ரோட்டில் மெதுவாக விட்டால் முன்பக்கம் டொக் டொக் என்றால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க், செலவு குறைவு. நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இடம் வலம் ஆட்டும்போது தட்டினால் ரேக், அது பெரிய செலவு. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள். பின் சக்கர வளைவின் உட்புறத்தையும் கதவுகளின் கீழ் ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், துரு அங்கிருந்துதான் தொடங்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், ஜிங் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. வாங்கிய வாரமே பெட்ரோல் ஹோஸ்களையும் ஃபில்டரையும் புதிதாக மாற்றிவிடுங்கள், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாதீர்கள்.